நாலு விரல் கூட

உம்மு குல்சும் அந்த இங்கிலீஷ் நாவலில் ஒரு பக்கத்தைக்கூட வாசித்தவள் இல்லை. ஆனால் ஏழெட்டுத் தடவை அதை முழுசாகக் கேட்டு முடித்தவள். நடுவில் ஒரு நீலத் திரை. அந்தப் பக்கம் அவளுடைய கணவர் ஸெய்னுலாப்தீன் மாஸ்டரும் அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்களும். இந்தப் பக்கம் அவளும், துணிக்கரைக்கு நூல் ரேந்தை பின்னும் ஊசியும், அடுப்பில் ஏற்றிய சோறும். ஒரு காது சோற்றுக்கு, ஒரு காது கதைக்கு. வருஷக்கணக்காக இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது?

வீடு கண்டியில், கட்டுக்கலையில், பேராதனை வீதியை ஒட்டி இருந்தது. மாஸ்டர் பகலில் டவுனில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். பின்னேரங்களில், கேம்பிரிட்ஜ் சோதனை எடுக்கிறவர்கள் வீட்டு முன்ஹோலில் கதிரை போட்டு உட்காருவார்கள். அந்நிய ஆண்கள் இருக்கிற ஹோலுக்குள் வீட்டுப் பெண் வருவதில்லை, அதற்குத்தான் திரை. ஆனால் திரை ஆளைத்தான் மறைக்கும். மாஸ்டருடைய குரலை மறைக்கிற துணியை இன்னும் எந்த ஆலையும் நெய்யவில்லை. முதலில் இங்கிலீஷில் ஒரு பந்தி வாசிப்பார். பிறகு தமிழில் விளக்கம் சொல்லுவார். கடைசியில், இன்னது இன்னதற்கு அடையாளம் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுவார்.

கதை பிரான்ஸ் நாட்டுப் புரட்சியைப் பற்றியது. பசித்த சனம் எழும்பி அரசனையும் பிரபுக்களையும் தலை வெட்டிய காலம். தெருவில் ஒரு பீப்பாய் உடைந்து திராட்சை ரசம் ஓடுகிறது. வைன் என்று வாய்விட்டுச் சொல்ல மாஸ்டருக்குக் கூச்சம். அது ஓடப்போகிற இரத்தத்துக்கு அடையாளம். ஒருத்தி கடையில் உட்கார்ந்து ஓயாமல் பின்னிக்கொண்டே இருக்கிறாள், சாக வேண்டியவர்களின் பெயர்களைப் பின்னலுக்குள் போட்டு வைக்கிறாள். அது விதிக்கு அடையாளம். மூலை வீடொன்றில் எங்கிருந்தோ காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது வரப்போகிற கூட்டத்துக்கு அடையாளம்.

இதைக் கேட்கும்போது குல்சுமுக்குச் சில நாள் சிரிப்பு வரும். அவளும்தான் பின்னுகிறாள். அவளுடைய ரேந்தையில் பெயர் போடுவதென்றால், சாப்பிட்ட பீங்கானை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போகிறவர்களின் பெயர்கள்தான் விழும். மாஸ்டருடைய பெயர் முதல் வரியிலேயே இருக்கும். வேறு சில நாள் அலுப்பு வரும். அந்தக் கதையில் ஒரு சாமானாவது தன்பாட்டில் இருக்கிறதா என்று நினைப்பாள். சுபஹு பாங்குக்கு முன்னால் எழும்பி, மூன்று பிள்ளைகளையும் ஒரு மாஸ்டரையும் ஒரு வாப்பாவையும் பார்த்து, அடுப்படியில் நிமிர முடியாமல் நிற்கிறவளுக்கு இடுப்பு வலி எதற்கும் அடையாளம் இல்லை. அது இடுப்பு வலி.

இந்த வாப்பாவைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

குல்சும் கம்பளையில் பிறந்தவள். வாப்பா ஹுஸைன் முதலாளிக்கு அங்கே பிடவைக் கடை இருந்தது. பெரிய கடை என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல பெயர் எடுத்த கடை. காரணம், அவர் அளக்கிற முறை. கருங்காலியில் செய்து இரண்டு நுனியிலும் பித்தளைப் பூண் போட்ட கெஜக்கோல் ஒன்று வைத்திருந்தார். எத்தனை கெஜம் அளந்தாலும் முடிவில் நாலு விரல் கூட விட்டுத்தான் கத்தரி வைப்பார். அளவில் குறை வைத்தவன் மறுமையில் பதில் சொல்லத்தான் வேண்டும் என்ற பயம். பக்கத்துக் கடைக்காரர்கள், இந்த மனுசன் விரல் விரலாகக் கடையைக் கொடுத்து முடிக்கப் போகிறார் என்று கேலி பண்ணுவார்கள். ஆனால் தேயிலைத் தோட்டத்துச் சனம் அந்த நாலு விரலுக்காகவே மலையிலிருந்து இறங்கி மற்றக் கடைகளைத் தாண்டி வந்தது. சுப்பம்மா என்று ஒரு கொழுந்துக்காரி, மற்றவர்கள் அளந்த துணியைக்கூட இங்கே கொண்டுவந்து திரும்ப அளந்து பார்ப்பாள்.

முஸ்லிம் கடைகளைச் சிங்களக் கூட்டம் உடைத்த பதினைந்தாம் ஆண்டுக் கலவரத்தில் அந்தக் கடையும் போயிற்று. குல்சுமுக்கு அப்போது பத்து வயது. பின்வீட்டுச் சிங்களத்தி மெனிக்கே அம்மா அவளையும் உம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், நெல் போடுகிற அறைக்குள் விட்டுப் பூட்டி, வாசலில் தானே குந்திக்கொண்டாள். பலகை இடுக்கால் குல்சும் பார்த்தாள். மழை. துணிச் சுருள்கள் தெரு நீளத்துக்கு அவிழ்ந்து கிடந்தன. சிவப்புச் சீத்தைத் துணியின் சாயம் கரைந்து தெருவோர வடிகானில் ஓடியது. வாப்பா நடுத்தெருவில் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் யாரையும் அடிக்கவில்லை, அவரையும் யாரும் அடிக்கவில்லை. தெருவில் ஒரு கம்பத்தைச் சுற்றிப் போகிறது போல அவரைச் சுற்றிப் போனார்கள். கூட்டம் போன பிறகு அந்தக் கடையிலிருந்து மிஞ்சியது அந்தக் கோல் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவர் கடை திறக்கவில்லை. கண்டிக்கு வந்து இன்னொருவருடைய கடையில் சேல்ஸ்மேனாக நின்று மகளைக் கட்டிக் கொடுத்தார். உம்மா மௌத்தான பிறகு ஒரு தகரப் பெட்டியோடும் கோலோடும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சும்மா நாட்களில் அவரைப் போல ஒரு சாதுவான மனிதரைக் காண முடியாது. தொழுவார், பேரப்பிள்ளைகளுக்கு நிலக்கடலை உரித்துக் கொடுப்பார், மகளுக்கு விறகு பிளந்து போடுவார். ஆனால் தெருவில் கூட்டச் சத்தம் கேட்டால் போதும், முகம் மாறிவிடும். மூலையில் சாத்திய கோலை எடுப்பார். படுக்கை விரிப்பு, சாரன், மேசைத்துணி, என்ன அகப்படுகிறதோ அதை இழுத்து அளக்கத் தொடங்குவார். அளந்து முடித்ததைத் திரும்பவும் அளப்பார். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். கை நடுங்க நடுங்க அளப்பார். குல்சும் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும், அவர் அளந்து போட்டதை மடித்து வைக்க வேண்டும். மடித்ததை அவர் திரும்ப விரிப்பார்.

முப்பத்தோராம் ஆண்டுத் தேர்தல் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வோட்டு என்றார்கள். நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் பேராதனை வீதி நெடுக மேளமும் கோஷமுமாக ஊர்வலம் போன நாட்களில், வோட்டு கிடைத்த குல்சும் படுக்கை விரிப்பின் நுனியைப் பிடித்தபடி வீட்டுக்குள் இருந்தாள். ஒரு நாள் அளந்துகொண்டிருந்த வாப்பா அப்படியே சரிந்து விழுந்தார். டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, இப்படி இன்னொரு தடவை உண்ணாமல் உறங்காமல் கிடந்தால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். குல்சும் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. வாப்பாவைக் காப்பாற்ற வேண்டும், தானும் ஒரு இரவாவது தூங்க வேண்டும், இந்த இரண்டும்தான் அவள் மனதில் இருந்தன.

அந்தக் கிழமைதான் திரைக்கு அந்தப் பக்கம் செருப்புத் தைக்கிறவரின் பாடம் வந்தது. கதையில் ஒரு முதிய வைத்தியர். குற்றமில்லாமல் பல வருஷம் சிறையில் கிடந்தவர். அங்கே பைத்தியம் பிடிக்காமல் இருக்கச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறார். வெளியே வந்து, மகளோடு நன்றாக வாழ்கிற காலத்திலும், மனம் கலங்கினால் அந்தப் பலகையில் போய்க் குந்திச் செருப்புத் தைக்கத் தொடங்கிவிடுவார். கடைசியில் அவருடைய சிநேகிதர் வேறு யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்கிறது போலச் சுற்றி வளைத்து அவரிடமே சம்மதம் கேட்டு, அவர் ஊரில் இல்லாத வேளையில் பலகையை உடைத்து எரித்துவிடுகிறார். பலகை பழைய அடிமைத்தனத்துக்கு அடையாளம், அதை எரித்தது விடுதலைக்கு அடையாளம் என்று மாஸ்டர் எழுதச் சொன்னார்.

அன்றைக்குப் பாடம் கேட்டவர்களில் வீரசிங்கம் என்பவர் ஸ்டேசனில் கிளார்க். யாழ்ப்பாணத்துக்காரர், வேலை பார்த்துக்கொண்டே சோதனை எடுக்கிறவர். அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“ஆரின்ரை சாமான் எண்டு சொல்லாமல் வாங்கின சம்மதம், சம்மதமாகுமோ சேர்?”

மாஸ்டர் பக்கத்தைப் புரட்டினார். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

“சோதனையில அதக் கேக்க மாட்டாங்க,” என்றார்.

குல்சும் அந்தக் கேள்வியைக் கேட்டாள், அதற்கு வந்த பதிலையும் கேட்டாள். இரண்டில் எதையும் அவள் பெரிசாக எடுக்கவில்லை. பல வருஷமாகக் கேட்ட கதை அன்றைக்குத்தான் தனக்கென்று சொன்ன கதையாகப் பட்டது. செருப்புப் பலகைக்குப் பதிலாகக் கெஜக்கோல், அந்த மகளுக்குப் பதிலாக இவள். எல்லாம் அச்சாகப் பொருந்தியது.

அடுத்த நாள் வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். ஒருவருக்கு ஒரு சாமானால் நோய் வருத்தம் கூடுகிறதென்றால், அதை எடுத்து எறிந்துவிடுவது நல்லதுதானே என்றாள். வாப்பா, பக்கத்து வீட்டு முஹைதீன் நானாவின் சுருட்டைப் பற்றித்தான் மகள் கேட்கிறாள் என்று நினைத்தார். அந்த மனிதருடைய இருமல் மதிலைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. எடுத்து எறியத்தான் வேண்டும், மனுசன் தானாக விடமாட்டான் என்று சொன்னார். குல்சும் சம்மதம் கிடைத்ததென்று எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வாப்பாவும் மாஸ்டரும் பிள்ளைகளும் ஜும்ஆவுக்குப் போனார்கள். அவள் கோலைக் கொத்தி மூன்றாக்கி அடுப்புக்குள் வைத்தாள். கருங்காலி லேசில் பிடிக்கவில்லை. பிடித்த பிறகு லேசில் அணையவுமில்லை. அந்த நெருப்பிலேயே கறியைக் கூட்டி வைத்தாள். பித்தளைப் பூண்கள் இரண்டும் சாம்பலுக்குள் கிடந்தன. அவற்றைத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். பள்ளியால் வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கறி நன்றாக இருக்கிறது என்று வாப்பா சொன்னார்.

அதற்குப் பிறகு சில நாள் அவள் தூங்கினாள். அப்படி ஒரு தூக்கம் கலியாணத்துக்குப் பிறகு அவளுக்கு வாய்க்கவில்லை. தெருவில் சத்தமில்லை, வாப்பா மூலையைப் பார்க்கவுமில்லை. கதை பலித்துவிட்டதென்றுதான் நினைத்தாள்.

தேர்தல் முடிந்து, வென்றவர்களின் ஊர்வலம் பட்டாசோடு வந்தது. வாப்பா எழும்பி மூலைக்குப் போனார். கோல் இல்லை. கத்தவில்லை, யாரையும் ஏசவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தார், அலுமாரிக்குப் பின்னால் பார்த்தார். பிறகு படுக்கை விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தினார்.

“மகள், கோல் இல்லாம அளந்தா கொறஞ்சு போகும்,” என்றார். “கொறஞ்சா அவங்க திரும்ப வருவாங்க.”

“ஆர் வாப்பா?”

“அண்டைக்கி வந்தவங்க. நான் எங்கயோ கொறச்சி அளந்தீக்கிறன். அதுக்குத்தான் அவங்க வந்த. எங்கண்டு தெரியாம ஈக்குது, அதுதான் எல்லாத்தயும் திரும்ப அளந்து பாக்கிற.”

குல்சும் இத்தனை வருஷம் விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்திருக்கிறாள், என்ன அளக்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டதில்லை. நாலு விரல் கூட வைத்துக் கொடுத்த மனிதர், தன் அளவில்தான் பிழை என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். உலகத்தின் மேல் குற்றம் சொல்லத் தெரியாமல் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறார். அவள் எரித்தது அவருடைய சிறையை இல்லை. கதையில் வந்த பலகை அந்த வைத்தியருக்குச் சிறைக்குள் கிடைத்தது. இந்தக் கோல் அதற்கு முன்னாலேயே இருந்தது. கடை இருந்த காலத்திலிருந்து, பெயர் இருந்த காலத்திலிருந்து வந்தது. தான் நீதமாக வாழ்ந்தேன் என்று சொல்ல அவரிடம் இருந்த ஒரே சாட்சியை அவள் கறிக்கு எரித்துவிட்டாள். அடுப்படிக்குப் போய், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாஸ்டரிடம் சொன்னாள். கதையிலும் அப்படித்தானே செய்தார்கள் என்றாள்.

“அது கதை, குல்சும்,” என்றார் மாஸ்டர்.

வருஷக்கணக்காகப் படிப்பித்த மனிதர் அன்றைக்குத்தான் அதைச் சொன்னார். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டவுனில் ஒரு புதுக் கோல் வாங்கிக்கொண்டு வந்தார், முத்திரை குத்திய கோல். வாப்பா அதை வாங்கித் தன் கையோடு வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல கோல்தான் மருமகன், ஆனால் எனக்கு இதைத் தெரியாது என்றார். அன்றைக்கும் சாப்பிடவில்லை. தேத்தண்ணியும் இறங்கவில்லை. டாக்டர் சொன்னது குல்சுமின் காதுக்குள் நின்றது.

அதற்கு அடுத்த பின்னேரம் ஹோலில் பாடம் நடந்தது. கடைசி அதிகாரம். கதிரைகள் நிறைந்திருந்தன. தெருவில் இன்னொரு ஊர்வலத்தின் மேளம் தூரத்தில் கேட்டது. வாப்பா திரைக்கு இந்தப் பக்கம் நிலத்தில் விரிப்போடு உட்கார்ந்து, அளக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் துணியின் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

குல்சும் ரேந்தையை வைத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள். கம்பளைக் கடையில் கோல் கைக்கு எட்டாத நேரத்தில் வாப்பா துணியை மூக்கில் பிடித்து, நீட்டிய கையின் விரல் நுனிவரை இழுத்து ஒரு கெஜம் என்பார். அந்த ஞாபகம்தான் அவளுக்கு வந்தது. வலது கையை நேராக நீட்டினாள்.

“வாப்பா, கோல் இந்தா ஈக்குது,” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இது மகளின் கை என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அந்த அளவுக்குப் புத்தி எப்போதும் தெளிவாகத்தான் இருந்தது. மெதுவாக எழும்பினார். துணியின் நுனியை அவளுடைய மூக்கில் வைத்தார், கை நெடுக இழுத்து விரல் நுனியில் பிடித்தார். கொஞ்சம் யோசித்தார்.

“ஒங்கட கை கட்டை, மகள்,” என்றார். “நாலு விரல் கூட வச்சா சரியாகும்.”

நாலு விரல் கூட வைத்தார். அடுத்த கெஜத்துக்குத் துணியை இழுத்தார். அவருடைய கை நடுக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. பெரிய விரிப்பு முடிந்து சின்ன விரிப்பு வந்தது. அதற்கடுத்தது சாரன். அலுமாரியில் இன்னும் துணி இருந்தது. நாளைக்கும் ஊர்வலம் வரலாம், தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம் வரும், இன்னும் சில வருஷத்தில் இன்னொரு தேர்தலும் வரும்.

திரைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் கடைசிப் பந்தியை விளக்கிக்கொண்டிருந்தார். ஒருவன் மற்றவனுடைய இடத்தில் தான் போய் நின்று, அவனுக்குப் பதிலாகத் தலையைக் கொடுக்கிறான், இதைவிட மேலான அன்பு கிடையாது, எழுதுங்கள் என்றார். வழக்கமாக இந்த இடத்தில் குல்சுமுக்குக் கண் கலங்கும். அன்றைக்குக் கலங்கவில்லை. அந்த மனிதன் ஒரு தடவைதானே நின்றான் என்று நினைத்தாள். ஒரு தடவை நின்றான், கத்தி விழுந்தது, வேலை முடிந்தது. நாளைக்கும் வந்து நில் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

தோள் மூட்டு வலிக்கத் தொடங்கியது. கையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். உடனே வாப்பா நிறுத்தினார், முகத்தில் பழைய பயம் எட்டிப் பார்த்தது.

“கை நோகுதா மகள்?”

“இல்ல வாப்பா,” என்று கையைத் திரும்ப நேராக்கினாள். “நீங்க அளங்க.”